பழைய அறுவடை மிஷின் வாங்குமுன் பார்க்க வேண்டியவை



மளிகைக் கடையும் நெல் மண்டியும் நடத்துகிற நம்மவர்கள் பலர், பக்கத் தொழிலாக அறுவடை மிஷின் வாங்கி வாடகைக்கு விடுவதைப் பற்றி நம்மிடம் விசாரிக்கிறார்கள். புது மிஷினுக்கு முதல் பெரிதாக வேண்டும். ஆகவே பழைய மிஷின் பக்கம் பார்வை போவது இயற்கை. தவறும் இல்லை. ஆனால் பழைய மிஷின் வாங்குவது பழைய டிராக்டர் வாங்குவது போன்றதல்ல. டிராக்டரில் முக்கியம் இஞ்சினும் கியர் பெட்டியும். அறுவடை மிஷினில் இஞ்சின் ஒரு பகுதிதான். சேற்றில் உருளும் அடிப்பகுதி, கதிர் உள்ளே போய் நெல்லாக வெளியே வரும் வழி, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பாகங்கள் ஆகிய மூன்றிலும்தான் செலவு ஒளிந்திருக்கிறது. விற்பவர் பெயிண்ட் அடித்துக் காட்டுவது இவற்றை அல்ல.

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் நெருக்கமாக வந்து முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் மிஷின் 10 நாள் நின்றால் அந்த ஆண்டின் வருமானமே போனது மாதிரி. நமக்கு வேறொரு சங்கடமும் உண்டு. மார்கழியில்தான் பொங்கல் சரக்குக்குக் கையில் பணம் வேண்டும். அதே மார்கழியில்தான் மிஷின் வாங்கவும் ஆசை வருகிறது. கடை முதலை எடுத்து மிஷினில் போட்டு, மிஷினும் நின்று, கடையிலும் சரக்கு இல்லாமல் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே மூட்டையில் குத்தூசி போட்டு அடிச்சரக்கைப் பார்க்கிற அதே கவனத்தோடு மிஷினையும் பார்க்க வேண்டும்.

பெல்ட் வண்டியா, டயர் வண்டியா?

ஈரம் காயாத களிமண் வயலில் டயர் வண்டி புதையும். ரப்பர் பெல்ட் வண்டி தன் எடையை அகலமாகப் பரப்பி நிற்பதால் சேற்றில் போகும். டெல்டா வயல்களுக்குப் பெரும்பாலும் பெல்ட் வண்டிதான் தோது. காய்ந்த வயலும் நல்ல பாதையும் உள்ள பகுதிக்கு டயர் வண்டி போதும். அதில் பராமரிப்புச் செலவு குறைவு, சாலையில் தானே ஓடிப் போகும். பெல்ட் வண்டியை ஊர் விட்டு ஊர் கொண்டு போக லாரி வேண்டும்.

பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து நாபா, பாத்சோன் போன்ற ஊர்களில் அறுவடை மிஷின் தொழிற்சாலைகள் உள்ளன. அந்தப் பக்கமிருந்து வரும் பழைய டயர் வண்டிகளில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். கோதுமைக்கு வரிவரியான பட்டை பதித்த டிரம் போடுவார்கள். நெல்லுக்குப் பல் வைத்த டிரம் வேண்டும். நெல் டிரம்மும் அதற்குரிய கான்கேவ் தட்டும் வண்டியோடு வருகின்றனவா, தனி விலையா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

பார்க்கும் காலமும் இடமும்

ஷெட்டில் கழுவித் துடைத்து நிற்கும் மிஷினைப் பார்த்து விலை பேசாதீர்கள். வயலில் வேலை செய்யும்போது பாருங்கள். தை, மாசியில் ஓடுவதைப் பார்த்து வைத்து, பருவம் முடிந்தபின் விலை முடிப்பது நல்லது. பருவம் முடிந்தால் விற்பவருக்கு அவசரம். பருவம் தொடங்கும்போது வாங்குபவருக்கு அவசரம். யாருக்கு அவசரமோ அவருக்கு நட்டம் என்பது நாம் அறிந்த கதைதானே.

பார்க்கப் போகும்போது அந்தக் கம்பெனி மிஷினில் வேலை செய்து பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். விற்பவரின் ஊர் மெக்கானிக் வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண் போகாது.

இஞ்சின்

முன்கூட்டியே சொல்லாமல் காலையில் போங்கள். முதலில் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த நிலையில் சிரமமின்றி ஸ்டார்ட் ஆவதே நல்ல இஞ்சினுக்கு முதல் அடையாளம்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். உள்ளே தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் சந்தேகந்தான்.

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. சைலன்சர் புகையையும் கவனியுங்கள். பாரம் ஏறும்போது சிறிது கரும்புகை வந்து தெளிவது இயல்பு. விடாமல் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் இஞ்செக்டர் அல்லது கம்ப்ரஷன் கோளாறு இருக்கலாம், தண்ணீர் உள்ளே கசியலாம்.

ரேடியேட்டர் வலையில் தூசியும் வைக்கோல் துணுக்கும் அடைத்து, அதோடே ஓட்டியிருந்தால் இஞ்சின் பலமுறை கொதித்திருக்கும். ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். தூசியில் வேலை செய்யும் மிஷினில் ஏர் ஃபில்டரைக் கவனிக்காதவர் வேறு எதையும் கவனித்திருக்க மாட்டார்.

பெல்ட்டும் அடிப்பகுதியும்

பெல்ட் வண்டியில் பெரிய செலவு இங்கேதான். பெல்ட்டை முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். ஆகவே வண்டியைச் சற்று நகர்த்தச் சொல்லி, தரையில் பட்டிருந்த பகுதியையும் பாருங்கள். ரப்பர் வெடித்து உள்ளிருக்கும் கம்பி இழை தெரிந்தால் அந்தப் பெல்ட் முடிந்தது. கம்பியில் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்து, பருவத்தின் நடுவில் அறுந்து போகும். பெல்ட்டின் கட்டைகள் எவ்வளவு உயரம் மிச்சம் என்று பார்த்து, புதுப் பெல்ட்டோடு ஒப்பிடுங்கள்.

உள்பக்கம் பெல்ட்டைத் தள்ளும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் நேராக இருக்க வேண்டும். கொக்கி போல் ஒரு பக்கம் வளைந்து கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுப் பெல்ட் போட்டால் புதுப் பெல்ட்டும் சீக்கிரம் கெடும். அடியில் உள்ள ரோலர்கள் ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ ஓரத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருந்தாலோ சீல் போய்விட்டது. சேறு உள்ளே போய் பேரிங் கெடுவது அடுத்த கட்டம். பெல்ட்டை இறுக்கும் அட்ஜஸ்டரில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதும் முக்கியம். கடைசி வரை இறுக்கி வைத்திருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது.

டயர் வண்டியானால் பின் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி அசைத்துப் பாருங்கள். இந்த மிஷின்கள் பின் சக்கரத்தில் திரும்புபவை. அங்கே உள்ள பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும்.

சேஸிஸில் புது வெல்டிங் எங்கெங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடம் பழையதாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் புது பெயிண்ட் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை

முன்னால் உள்ள கத்திப் பகுதியை முழுதும் உயர்த்தி, இஞ்சினை நிறுத்தி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. உயர்த்திய பகுதிக்கு அடியில், தாங்குகட்டை போடாமல் யாரும் குனியக் கூடாது. மெக்கானிக்காக இருந்தாலும் அனுமதிக்காதீர்கள். சிலிண்டர் தண்டு கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டும். கீறலும் துருக்குழியும் இருந்தால் புது சீலும் நிற்காது.

பெல்ட் வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் போவது ஹெச்.எஸ்.டி. என்ற ஆயில் பம்பு, மோட்டார் ஜோடியால்தான். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றாமல் லீவரைத் தள்ளினால் வேகம் கூடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தேய்ந்த ஹெச்.எஸ்.டி. ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத்தான் இழுக்கும். ஆயில் சூடேறி இளகியபின்தான் இழுவை குறையும். பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வயலில் ஓட்டி, அதன் பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் விலையை மறுபடியும் பேச வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

கதிர் போகும் வழி

உமியில் சிலிக்கா என்ற மணல் சத்து அதிகம். அதனால் நெல் போகும் இடமெல்லாம் இரும்பை உப்புத்தாள் போல் தேய்த்துக்கொண்டே போகும். நெல் மிஷினில் தகடுகள் மெலிவது இதனால்தான். இஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடிகளைத் திறந்து பாருங்கள்.

கத்தி: உடைந்த கத்திகள், வளைந்த விரல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இவை மலிவானவை, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கத்தி பொருத்திய சட்டமே வளைந்திருந்தால் வரப்பில் மோதியிருக்கிறது.

டிரம்: பற்களின் முன் முனை மழுங்கியிருக்கிறதா, ஏதேனும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பல் விழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டிருந்தாலோ டிரம் எடை சமமில்லாமல் அதிரும். அந்த அதிர்வு பேரிங்கையும் கெடுக்கும். கான்கேவ் கம்பிகள் வளைந்திருந்தால் நெல் சரியாக இறங்காது.

எலிவேட்டரும் ஆகரும்: நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடித்தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். தகரம் போல் ஒலித்தால் மெலிந்துவிட்டது. சாக்குத் துணியும் பசையும் வைத்து ஓட்டையை அடைத்திருப்பார்கள், அதைத் தேடுங்கள். ஆகரின் சுருள் ஓரம் கத்தி போல் கூர்மையாகியிருந்தால் தேய்ந்துவிட்டது.

பேரிங்: ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் மிஷினை நிறுத்தி, பேரிங் கூடுகளின் அருகே கையைக் கொண்டு போங்கள். மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிக்கும் பேரிங் சீக்கிரம் போகும்.

நெல்லே சொல்லும் சாட்சி

மெக்கானிக் பார்ப்பதைவிட இதை நம் வியாபாரிகள் நன்றாகப் பார்ப்பார்கள். தொட்டியிலிருந்து ஒரு கை நெல்லை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். உடைந்த மணி, தோல் உரிந்து அரிசி தெரியும் மணி, பதர், வைக்கோல் துண்டு ஆகியவை எவ்வளவு என்று பாருங்கள். டிரம் வேகம் கூடினால் உடையும், உரியும். குறைந்தால் கதிரிலேயே மணி தங்கும். மிஷின் பின்னால் விழும் வைக்கோலை உதறிப் பாருங்கள். ஓட்டுநர் வேகத்தைச் சரி செய்தால் தீரும் குறையா, தேய்மானத்தால் வந்ததா என்பதை மெக்கானிக்கைக் கொண்டு முடிவு செய்யலாம்.

நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரம் 17 சதவீதம், கலப்பில் தூசி, பதர் போன்றவை தலா 1 சதவீதம் என்பது பொது வரையறை. காற்றாடியும் சல்லடையும் கெட்ட மிஷினில் அறுத்த நெல்லை விவசாயி மறுபடி தூற்ற வேண்டிவரும். அப்படி ஒரு முறை சிரமப்பட்டவர் அடுத்த பருவம் அந்த மிஷினைக் கூப்பிட மாட்டார்.

கீழே சிந்தும் நெல்லையும் கணக்கிடலாம். நாலு குச்சியை வைத்து ஓர் அடிக்கு ஓர் அடி சட்டம் செய்துகொள்ளுங்கள். மிஷின் போன தடத்தின் அகலத்தில் ஐந்து இடங்களில் வைத்து மணிகளை எண்ணி, சராசரி எடுங்கள். அறுக்காத இடத்தில் முன்பே உதிர்ந்து கிடப்பதை எண்ணிக் கழித்துவிடுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சதுர அடிக்கு 10 மணி சிந்தினால் ஏக்கருக்கு 4,35,600 மணி. குண்டு ரகம் 1000 மணி சுமார் 25 கிராம் வரும். ஆக ஏக்கருக்கு ஏறக்குறைய 11 கிலோ. சன்ன ரகமானால் 6, 7 கிலோ.

எங்கே சிந்துகிறது என்றும் கண்டுபிடிக்கலாம். மிஷினை நடுவில் நிறுத்தி, சற்றுப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். கத்தி போய், பின்னாலிருந்து வைக்கோல் இன்னும் விழாத இடத்தில் மணி கிடந்தால் அது முன்பகுதியின் சிந்தல். வைக்கோல் விழுந்த இடத்தில் மட்டும் அதிகமானால் டிரம், சல்லடை, காற்றாடிப் பக்கம் கோளாறு.

மணி மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

இந்த மிஷின்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, ஓடிய மணி கணக்கு. மீட்டரைக் கழற்றி மாற்றுவது கடினமல்ல. மீட்டர் குறைந்த மணி காட்டி, பெடல் ரப்பர் வழுக்கையாகவும், லீவர் பிடி தேய்ந்தும், ஆகர் ஓரம் கூராகவும் இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் பில்களில் தேதியும் மணியும் குறித்திருப்பார்கள். அவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பத்திரங்கள்

இரும்பு கெட்டால் மாற்றலாம். பத்திரம் கெட்டால் வண்டியைத் தொட முடியாது.

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஆர்.சி.யில் வங்கி அல்லது பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

3. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டியானால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுத வேண்டும் என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நட்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. நாம் பின்னாளில் விற்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

4. அரசு மானியத்தில் வாங்கிய மிஷினா என்று கேளுங்கள். ஆம் என்றால் மானிய உத்தரவின் நகலை வாங்கி, விற்கக் கூடாது என்ற நிபந்தனைக் காலம் ஏதும் உள்ளதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள்.

5. புது அறுவடை மிஷின்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய பில்லைக் காட்டி விலை சொன்னால், இன்றைய புது விலையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். விவசாயிக்கு அறுவடை செய்து கொடுக்கும் வாடகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆகவே மிஷினுக்குக் கட்டிய வரியைக் கடைக் கணக்கில் வரவு எடுக்க முடியாது. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யவும்.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

விற்பவர் சொல்வது விலையல்ல. வயலில் இறங்கி வேலை செய்யும் நிலைக்கு வரும் வரை ஆகும் மொத்தச் செலவுதான் விலை. புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறோம். தொகைகளைத் தத்தம் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளவும்.

முதல் மிஷின் விலை ரூ. 8,00,000. பெல்ட்டும் ரோலரும் மாற்ற ரூ. 2,00,000. டிரம், எலிவேட்டர் வேலை ரூ. 75,000. லாரி வாடகை, கூலி ரூ. 35,000. பழுதால் பருவத்தில் 10 நாள் நின்றால், நாளுக்குச் செலவு போக ரூ. 6,000 வீதம் ரூ. 60,000. ஆக மொத்தம் ரூ. 11,70,000.

இரண்டாவது மிஷின் விலை ரூ. 10,00,000. சில்லறை வேலை ரூ. 60,000. லாரி, கூலி ரூ. 35,000. ஆக மொத்தம் ரூ. 10,95,000.

இரண்டு லட்சம் மலிவு என்று நினைத்தது முக்கால் லட்சம் அதிகமாக முடிகிறது. இதற்கு மேல் வட்டி வேறு.

பணம் எப்போது திரும்பும் என்பதையும் பாருங்கள். வாடகை எல்லாம் ரொக்கமாக வராது. கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் ஏறியபின் தருகிறேன் என்பார் விவசாயி. அவர் நம் கடையிலும் பற்று வைத்திருப்பவராக இருப்பார். மிஷின் வாடகைக்குத் தனி நோட்டுப் போட்டு, கடைப் பற்றோடு கலக்காமல் வைக்க வேண்டும். டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஒரு பருவத்துக்கு வேண்டிய பணம் தனியே இருந்தால்தான் மிஷின் வாங்க வேண்டும். பொங்கல் சரக்குப் பணத்தை இதில் கலக்க வேண்டாம்.

கடைசியாக

உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் வாங்குமுன் விசாரியுங்கள். பெல்ட், பேரிங், பம்பு சீல் ஆகியவை ஒரே நாளில் கிடைக்கும் தூரத்தில் கடை இல்லாத கம்பெனியின் மிஷின் எவ்வளவு மலிவானாலும் நமக்கு மலிவல்ல. பக்கத்து ஊர்களில் எந்த மிஷின் அதிகம் ஓடுகிறதோ அதையே வாங்குவது புத்திசாலித்தனம். மெக்கானிக்கும் பாகமும் அருகிலேயே இருக்கும்.

பிடித்துப் போனால் சிறு தொகை மட்டும் முன்பணம் கொடுங்கள். வயலில் ஓட்டிப் பார்த்ததும் பத்திரம் சரியென்று கண்டதும் மீதிப் பணம் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். கான்கேவ், கத்தி, டூல் பெட்டி, சாவிகள், உபரிப் பாகங்கள் எவை வண்டியோடு சேரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இதற்கெல்லாம் மறுப்புச் சொல்லுகிற விற்பனையாளர் கிடைத்தால் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த மாசியிலும் மிஷின் விற்பனைக்கு வரும். கடை முதல் போனால் திரும்ப வருவது கடினம்.